யோசேப்பு தகப்பனைப் பார்க்கப் போனான்



இந்த மாதம் உபவாசக் கூட்டங்களைக் குறித்து எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் மூன்று வாரங்களாக வேறொரு பாரம் என் உள்ளத்தை அழுத்திக்கொண்டே இருக்கிறது. நம் சிறிய சபையில் மட்டும் இன்றைக்கு ஐந்து வீடுகளில் தாயோ தகப்பனோ புற்றுநோயோடு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் அநேகர் இந்த ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறவர்கள். ஜெபக்குறிப்புச் சீட்டில் "அம்மாவின் சுகத்துக்காக" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிறதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஆதியாகமம் 48-ம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். யோசேப்பு எகிப்து தேசம் முழுவதற்கும் அதிகாரியாயிருந்தவன். தானியக் களஞ்சியங்களின் சாவி அவன் கையில். அவனைவிட வேலை அதிகமுள்ள மனுஷன் அந்த தேசத்தில் யார் இருந்திருக்க முடியும்? அவனிடத்தில் ஒருவர் வந்து, தகப்பன் வியாதியாயிருக்கிறார் என்று சொன்னார். உடனே யோசேப்பு என்ன செய்தான்? ஒரு வைத்தியனை அனுப்பியிருக்கலாம். பணம் அனுப்பியிருக்கலாம். அவனுக்கு அதற்கெல்லாம் ஆள் இருந்தது. ஆனால் தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவனே புறப்பட்டுப் போனான். மகன் வந்திருக்கிறான் என்று கேட்ட மாத்திரத்தில், கண் மங்கிப்போயிருந்த அந்த 147 வயதுக் கிழவர் தன்னைத் திடப்படுத்திக்கொண்டு கட்டிலின்மேல் எழுந்து உட்கார்ந்தார். கவனியுங்கள், அந்த வியாதி அவரை விட்டுப் போகவில்லை. அடுத்த அதிகாரத்தின் முடிவில் அவர் மரிக்கிறார். ஆனாலும் மகனைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

நான் இந்த வேதபகுதியை எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறேன், எப்பிராயீமையும் மனாசேயையும் ஆசீர்வதித்த பாகத்தை மட்டும். முதல் இரண்டு வசனங்களை என் தாயார் கிடந்த கட்டில்தான் எனக்குத் திறந்து காட்டியது.

இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். 2013-ம் வருஷம் என் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று என்று தெரிந்தது. மாதவிலக்கு நின்று பல வருஷம் ஆன பிறகு மறுபடியும் உதிரம் பட்டிருக்கிறது. ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மகன் பாஸ்டர், அவனிடத்தில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று கூச்சம். (தாய்மார்களே, இதற்காகவாவது ஒரு வார்த்தை: மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும், துர்நாற்றத்தோடு வெள்ளை பட்டாலும் அன்றைக்கே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இதற்குப் பரிசோதனை உண்டு. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாக்கக்கூடிய நோய் இது.) வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள், கூடவே கீமோ ஊசியும் போட்டார்கள். கூட்டிக்கொண்டு போனது, வார்டு வாசலில் துணி விரித்துப் படுத்தது, துணிகளை அலசியது எல்லாம் என் தங்கை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சங்கிலி ஜெபம் ஒழுங்கு பண்ணினேன்.

ஜெபம் வீண் என்று சொல்ல வரவில்லை. நான் இன்றும் வியாதியஸ்தர்மேல் கைகளை வைத்து ஜெபிக்கிறவன்தான். நான் செய்த பிழை வேறு. கதிர்வீச்சு முடிந்து மூன்று மாதத்தில் அம்மாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது, சாப்பிட்டார்கள், நடந்தார்கள். உடனே ஞாயிறு ஆராதனையில் மேடைக்கு ஏற்றி சாட்சி சொல்ல வைத்துவிட்டேன். "கர்த்தர் என்னைப் பூரணமா சுகப்படுத்திட்டார்" என்று அம்மா சொன்னார்கள். சபை முழுவதும் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. அந்த நாளிலிருந்து என் தாயாருக்கு வலிப்பதற்கு அனுமதி இல்லாமல் போயிற்று.

சில மாதங்கள் கழித்து ஒரு இரவு. அம்மாவைப் பார்த்து ஜெபித்துவிட்டுப் புறப்பட்டேன். "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டதற்கு, "ஸ்தோத்திரம்ப்பா, நல்லாருக்கேன்" என்று சிரித்தார்கள். தெருமுனை வரை போன பிறகுதான் வேதாகமப் பையை வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அம்மாவின் சத்தம், என் தங்கையிடம் கேட்கிறார்கள்: "உங்க அண்ணன் போயிட்டானா? அந்தக் கதவ சாத்துடி. கொஞ்ச நேரம் அழுதுக்கறேன்."

பிரியமானவர்களே, நான் அந்த வாசற்படியிலேயே நின்றேன். எத்தனையோ பேருடைய கண்ணீரைத் துடைத்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு முன்பாக, என்னைப் பெற்றவள் அழ முடியவில்லை. நான் வெளியே போனால்தான் அவளுக்கு விடுதலை.

அன்றைக்கு உள்ளே போய் சத்தமாய் ஜெபிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கம்மா வலிக்குது?" என்று மட்டும் கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இடுப்புலேர்ந்து கால் வரைக்கும் இழுக்குதுப்பா. ராத்திரியில தாங்க முடியல. சொன்னா நீ வருத்தப்படுவ, சபைல என்ன நெனைப்பாங்கன்னுதான்..." என்றார்கள். மறுநாள் காலையில் என் தங்கையோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதுதான் நான் கூடப் போன முதல் தடவை. டாக்டர் அம்மா மார்பின் மாத்திரை எழுதினார். நான் பதறிப்போய், "அது போதை மருந்தாச்சே டாக்டர்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. புற்றுநோய் வலிக்கு அளவறிந்து கொடுக்கிற மார்பினை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே தன் வழிமுறையில் சேர்த்திருக்கிறது. வலி வந்த பிறகு கொடுக்காமல் மணிப்பிரகாரம் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் உண்டாக்கும், அதற்கு மருந்தைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் தூக்கமாய் இருப்பார்கள், பயப்பட வேண்டாம் என்று எடுத்துச் சொன்னார். 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அந்த மாத்திரை நம் தேசத்தில் பல ஆஸ்பத்திரிகளில் கிடைக்காமலே இருந்த காலம் அது. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி வழியைச் சற்று இலகுவாக்கினார்கள்.

மூன்றாம் நாள் இரவு என் அம்மா விடியும்வரை தூங்கினார்கள். அதையும் கர்த்தருடைய இரக்கம் என்றே நான் எண்ணுகிறேன். எசேக்கியா ராஜா கண்ணீரோடு ஜெபித்தபோது கர்த்தர் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார் என்று பிரசங்கிக்கிறோம். அதே இடத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் வைக்கச் சொன்னதை விட்டுவிடுகிறோம் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தம் சொன்ன அதே வாய்தான் மருந்தையும் சொன்னது.

அதற்குப் பிறகு அம்மா நாலு மாதம் இருந்தார்கள். அந்த நாலு மாதம் எனக்குக் கிடைத்ததே அந்தக் கேள்வியினால்தான். வலி அடங்கிய பொழுதுகளில் பேசிக்கொண்டே இருந்தார்கள். வடகால் ஏரித் தண்ணியில் நாற்று நட்டது, பனந்தோப்பு, என்னை வரப்பில் ஏணை கட்டித் தூங்கப் போட்டது எல்லாவற்றையும் சொன்னார்கள். ஒருநாள் ஆட்டோவில் ஏற்றி, அவர்கள் நடவு நட்ட பக்கமாய்க் கூட்டிப் போனேன். கம்பெனிச் சுவர்தான் இருந்தது. "இந்தச் செவுத்துக்கு உள்ளார நாலாவது மடை" என்று கையை நீட்டிக் காட்டினார்கள். அவர்கள் கண்களை மூடியது என் கை. யோசேப்பின் கை யாக்கோபின் கண்களை மூடும் என்று கர்த்தர் முன்னமே சொல்லியிருந்தாரே (ஆதியாகமம் 46), அதைப் பெரிய வாக்குத்தத்தமாய் நான் நினைத்ததே கிடையாது, அந்த விடியற்காலம் வரைக்கும்.

இப்போது உங்களிடத்தில் பேசுகிறேன்.

தகப்பனுக்கோ தாய்க்கோ இந்த நோய் என்று டாக்டர் சொன்னவுடனே நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? ரிப்போர்ட்டை ஒளித்து வைக்கிறோம். "அப்பாகிட்ட சொல்லாதீங்க பாஸ்டர், அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம்." அன்பினால்தான் செய்கிறீர்கள், அறிவேன். ஆனால் முடி கொட்டுகிறது, புற்றுநோய் ஆஸ்பத்திரி என்று போர்டு எழுதியிருக்கிற வாசலுக்குள் கூட்டிப் போகிறீர்கள், உங்கள் கண் சிவந்திருக்கிறது. அறுபது வருஷம் உலகத்தைப் பார்த்த மனுஷனுக்கு இது புரியாதா? அவருக்கும் தெரியும். நீங்கள் உடைந்துபோவீர்களே என்று அவரும் தெரியாதவர்போல இருக்கிறார். ஒரே கூரைக்குள் இரண்டு பேரும் நாடகம் ஆடுகிறீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டச் சொல்லவில்லை. "அப்பா, டாக்டர் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லட்டுமா? எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கேட்டால் பொய் சொல்லாதிருங்கள். யாக்கோபுக்குத் தான் மரிக்கப்போகிறது தெரிந்திருந்தபடியினால்தான் அடக்கம் எங்கே பண்ண வேண்டும் என்று மகனிடத்தில் கேட்டு வாங்கிக்கொண்டார்.

பணம் அனுப்பிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிற மகன்களும் நம் நடுவில் உண்டு. சிலருக்கு அதுவும் இல்லை, காணிக்கைக்கும் கட்டட நிதிக்கும் கொடுத்தேனே என்கிறார்கள். மாற்கு 7-ம் அதிகாரத்தில் ஆண்டவர் யாரைக் கடிந்துகொண்டார்? பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தேவனுக்குக் கொடுத்துவிட்டதாகத் தப்பித்துக்கொண்டவர்களை. போதகராகிய நான் இதை எழுதினால் காணிக்கைப் பெட்டி இளைக்கும் என்று ஒரு மூப்பர் விளையாட்டாய்ச் சொன்னார். இளைக்கட்டும். தாய்க்கு மருந்து வாங்க வேண்டிய பணம் அந்தப் பெட்டிக்குள் வர வேண்டாம்.

உங்களில் பலர் கான்ட்ராக்ட் வேலை செய்கிறீர்கள், லீவு கேட்டால் வேலை போய்விடும் என்கிற பயம் எனக்குத் தெரியாததல்ல. நம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட் 17-ந்தேதி திறந்த சிப்காட் பெண்கள் குடியிருப்பில் மட்டும் 18,720 பேர் தங்க இடம் இருக்கிறது. எத்தனை ஊரிலிருந்து வந்த மகள்கள்! அதில் ஒரு சகோதரி இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்து, நடுராத்திரியில் படிக்கட்டில் உட்கார்ந்து ஊரிலிருக்கிற அம்மாவோடு போனில் பேசுவாளாம். என்ன பேசுவாய் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல பாஸ்டர். இன்னைக்கு மெஸ்ல என்ன குழம்புன்னு சொல்லுவேன். அம்மா இன்னைக்கு எத்தனை தடவ வாந்தின்னு சொல்லுவாங்க." இதைவிட மேலான விசாரிப்பு எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் தினம் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள். அந்த நேரத்துக்காக அவர்கள் விழித்திருப்பார்கள். லீவு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அதைக் கடைசிக்கென்று சேர்த்து வைக்காதிருங்கள். கீமோ போட்ட பிறகு வருகிற நாட்களுக்குப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், அண்ணன் ஒரு தடவை, தம்பி ஒரு தடவை. எல்லாவற்றையும் ஒரு மகள் தலையிலோ மருமகள் தலையிலோ போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து "ஏன் இப்படி இளைச்சுட்டாங்க?" என்று விசாரணை பண்ணாதிருங்கள். நான் அதையும் செய்தவன்.

கீமோவைப் பற்றி ஒரு காரியம், இதை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாய் ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைக்கும் இரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி வந்துவிட்டால், பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுக் காத்திருக்கவும் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜெபத்தை ஆட்டோவில் போகும்போது பண்ணிக்கொள்ளலாம். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். அந்த நாட்களில் சளி, இருமல் உள்ளவர்கள் விசுவாசியானாலும் போதகரானாலும் அந்த வீட்டுக்குப் போகாதிருங்கள்.

செலவுக்கு வருகிறேன். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களில் அநேகருக்கு, தங்களைச் சார்ந்திருக்கிற தாய் தகப்பனையும் அந்தக் கார்டில் சேர்க்கலாம் என்பதே தெரியவில்லை. அவர்களுடைய சொந்த வருமானம் அரசு வைத்த வரம்புக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சம்பளத்தில் 0.75 சதவீதம் மாதந்தோறும் பிடிக்கிறார்களே, அது எதற்கு? ஹெச்.ஆரிடம் கேட்டு இந்த வாரமே பெயரைச் சேருங்கள், வியாதி வந்த பிறகு அலையாதிருங்கள். அது இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உண்டு. 2022-ல் அதன் வருமான வரம்பை வருஷத்துக்கு 1,20,000 ரூபாயாக உயர்த்தினார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவத்தில், படுக்கையில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலிதணிப்புப் பராமரிப்பு கொடுக்கிறார்கள். கிராம நர்ஸிடம் பெயரைக் கொடுங்கள். காஞ்சிபுரம் பக்கம் காரப்பேட்டையில், நம் மாவட்டத்திலேயே அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்து, முதலமைச்சராயிருக்கும்போதே இந்த நோயினால் 1969 பிப்ரவரி 3-ந்தேதி மரித்த அண்ணாவின் பெயர்தான் அதற்கு. அமெரிக்காவுக்குப் போய் ஆபரேஷன் செய்தும் அவர் பிழைக்கவில்லை. ஆகையால் பணம் இருந்திருந்தால் அம்மாவைக் காப்பாற்றியிருப்பேனே என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ளாதிருங்கள்.

அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அது தொடங்கினதற்கு ஒரு வீட்டுத் துக்கம்தான் காரணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் மரித்தார். டாக்டராயிருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பாரத்தை அவர் முப்பது வருஷம் சுமந்தார். 1952-ல் அஸ்திபாரம் போட்டு, 1954-ல் 12 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறந்தது. நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லவே என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. நல்ல சமாரியன் எந்த ஆலயத்துக்குப் போனான் என்று யாரும் கேட்கவில்லையே.

இனி, பார்க்கப் போகிற நமக்கு. "என்ன பாவம் மறைச்சு வச்சிருக்கீங்க?" என்று ஒரு வியாதிப்பட்ட தாயின் முகத்துக்கு நேரே கேட்ட ஒரு விசுவாசியை நான் அறிவேன். பிறவிக் குருடனைக் குறித்து சீஷர்கள் அப்படிக் கேட்டபோதே ஆண்டவர் அதை மறுத்துவிட்டார் (யோவான் 9). விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்துங்கள் என்று தயவுசெய்து யாரும் சொல்லாதிருங்கள். என் சபையில் அப்படிச் சொல்கிறவர்களை வியாதியஸ்தர் வீட்டுக்கு அனுப்புவதில்லை. எனக்குத் தெரிந்தவர் இந்த இலைச்சாற்றில் பிழைத்தார் என்கிற கதைகளும் வேண்டாம். கஞ்சி காய்ச்சிக் கொண்டு போங்கள். பாத்திரத்தைக் கழுவி வையுங்கள். பார்த்துக்கொள்கிற மகளை, "நீ போய் ரெண்டு மணி நேரம் தூங்கும்மா" என்று அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, மெதுவாய்ச் சுருக்கமாய் ஜெபியுங்கள். சிலுவையில் தொங்கின நம் ஆண்டவர் அத்தனை வேதனையிலும் தாயை ஒரு சீஷனிடத்தில் ஒப்புவித்தார். அந்த நேரமுதல் அந்தச் சீஷன் அவர்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான் என்று எழுதியிருக்கிறது (யோவான் 19). ஊருக்குப் போக முடியாத மகனுடைய தாய்க்குச் சபைதான் அந்த வீடு.

சாட்சி சொல்ல வருகிறவர்களிடத்தில் நான் இப்போது தனியாய்க் கேட்கிறேன்: "மறுபடி வலிச்சா என்கிட்ட வந்து சொல்லுவீங்களா?" சொல்லுவேன் என்கிறவர்களைத்தான் மேடைக்கு அழைக்கிறேன். அதனால் நம் சபையில் சாட்சிகள் குறைந்துவிட்டன என்று சிலருக்கு வருத்தம்.

ஆராதனை மண்டபத்தின் பின்புறம், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்து மேஜையில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவர்கள், இரவு தங்குகிறவர்கள், கஞ்சி கொடுக்கிறவர்கள் என்று கோடு போட்டிருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணி பஸ்ஸில் நம் சபை ஐயா ஒருவர் நாலாவது கீமோவுக்காகக் காரப்பேட்டைக்குப் போகிறார். அவர் மகனுக்கு அன்றைக்கு முதல் ஷிப்ட், மாற்றிக் கேட்டும் கிடைக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குமேல் அவன் நேராய் அங்கே வந்துவிடுவான். அதுவரைக்கும் கூட இருக்க ஒருவர் வேண்டும். இதை எழுதுகிற இந்த நேரம்வரைக்கும் நோட்டில் அந்த வரி காலியாயிருக்கிறது.